பென்சிலில் எழுதிய வியாழக்கிழமை

“ஐப்பசி பத்தாம் தேதி காலையில் பூவாற்றில் பொழி முறிக்கிறார்கள். அக்காவை வள்ளத்தில் கூட்டிப்போவதானால் அதற்கு முன்பே போய்வந்துவிடு. முறித்த பிறகு நாலைந்து நாளுக்கு எவனும் ஏற்ற மாட்டான். நான் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போகிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும்.”

1994-இல் பாறசாலையிலிருந்து என் அத்தை மகன் நீலகண்டன் அத்தான் எழுதிய இன்லண்டு கடிதத்தில் உள்ள வரிகள் இவை. நாள் குறித்திருக்கிறார், கிழமை குறிக்கவில்லை. எனக்கு வரும் கடிதங்களில் கிழமை இல்லாவிட்டால் காலண்டரைப் பார்த்து ஓரத்தில் பென்சிலால் நானே எழுதிவைப்பது வழக்கம். இதிலும் எழுதினேன்: வியாழன்.

பொழி என்பதைச் சொல்லிவிட வேண்டும். பூவாறு என்ற ஊரருகே நெய்யாறு கடலில் சேரும் இடத்தில் அலை மணலைக் கொண்டுவந்து கரைபோல் குவித்து வாயை அடைத்துவிடும். உள்ளே ஆற்றுநீர் தேங்கிக் கழிமுகம் பெரிய குளம்போல் அசையாமல் கிடக்கும். மழை பெய்து நீர் ஏறி வயலுக்கும் வீட்டு முற்றத்துக்கும் வரத் தொடங்கியதும், ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு போய் அந்த மணலில் ஒரு சால் வெட்டுவார்கள். முழம் அகலத்தில் தொடங்கும் சால் ஒரு மணி நேரத்தில் தெரு அகலமாகிவிடும். தேங்கிய நீர் முழுவதும் அதன் வழியே கடலுக்குள் பாயும். அதுதான் பொழி முறிப்பு. வாய் அடைத்திருக்கும்வரை உல்லாசமாக வள்ளம் விடுவதற்கு அதைவிடப் பத்திரமான நீர் இல்லை. முறித்த நாளில் அதைவிடக் கெட்ட நீரும் இல்லை.

நான் மலையாளம் பேசும் பக்கத்தில், மலையோர அம்பூரியில் ஒரு ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கிறவன். நீந்தத் தெரியாது. நீர்த்தேக்கத்துக் கடவில் தோணி ஏறும்போது இன்றும் கண்ணை மூடிக்கொள்கிறேன். என்னைவிட எட்டு வயது மூத்த செல்லம்மா அக்காவுக்கும் நீந்தத் தெரியாது. ஆனால் அவளுக்குப் பயமும் தெரியாது. கல்யாணமாகி ஜாம்ஷெட்பூர் போனவள், முப்பது வருஷம் கழித்து ஒரு மாதம் தங்க வந்திருந்தாள். வந்த மறுநாளே சொன்னாள்: “எலே, எனக்கு ஒரு ஆசை உண்டு. பொழியில வள்ளத்துல போணும். பெட்டைப்பிள்ளை வள்ளத்துல ஏறப்பிடாதுண்ணு அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு ஐம்பத்தி நாலு வயசாச்சு.”

அவள் மகன் எஸ்.டி.டி. பூத்துக்கு என்னை வரவழைத்துப் பேசினான். “மாமா, அம்மா சொன்னா கேக்க மாட்டா. முழுசாட்டு அனுப்பி வைக்கணும், கேட்டியளா?” நான் பொறுப்பு என்றேன். 

திங்கட்கிழமை மலையிறங்கினோம். பெருங்கடவிளை தாண்டியதும் பஸ் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி ரப்பர் மர நிழலில் நின்றோம். மரச்சீனி எனும் மரவள்ளிக் கம்புக் கட்டோடு நின்ற ஒருவர் எங்கே பயணம் என்று விசாரித்தார். சொன்னேன்.

“பொழிக்கா? எங்க சித்தப்பன் மவனும் அங்கதான் போனான்.”

“எங்கே போனார்?”

“போனான்” என்றார் அவர், கட்டைத் தோள் மாற்றிக்கொண்டு.  அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நெய்யாற்றின்கரையில் புட்டும் பயறும் பப்படமும் சாப்பிட்டோம். அக்கா புட்டைப் பப்படத்தோடு நொறுக்கிப் பிசைந்துகொண்டே, ஜாம்ஷெட்பூரில் காலைக்குப் பூரியும் கிழங்கும் தின்று தின்று நாக்கு செத்துப்போயிற்று என்றாள். இரண்டாவது புட்டு வாங்கினாள். நான் முதலாவதை முடிக்கவில்லை.

மாலையில் பாறசாலை வீட்டைத் திறந்தோம். சுவரில் மார்த்தாண்டம் ஜவுளிக்கடை ஒன்று கொடுத்த தமிழ் நாட்காட்டி. தினம் ஒரு தாள் கிழிக்கிற வகை. அத்தான் கிளம்பிய வெள்ளிக்கிழமையோடு அது நின்றிருந்தது.

“கிழிச்சு விடுலே, பழைய தேதி பாக்கப் பிடிக்கல்ல” என்றாள் அக்கா.

அடுத்தவர் வீட்டு நாட்காட்டியைக் கிழிப்பது முறையல்ல என்றேன். அத்தான் சில தாள்களின் பின்பக்கம் குறிப்பு எழுதிவைப்பார். மூன்றே தாள் கிழித்திருந்தால் போதும், இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பத்திரத்துக்காகச் செலவிட்டேன். பயணத்துக்கு முன்பே, முறிப்பு நாளைக் குறித்துவைத்த அதே குறிப்பேட்டில் ஒரு பட்டியல் எழுதியிருந்தேன். வள்ளத்தில் மூன்று பேருக்கு மேல் கூடாது. யாரும் எழுந்து நிற்கக் கூடாது. ஆளுக்கொரு மிதவை வேண்டும். கயிறு முப்பது முழம் வேண்டும். நீர் இறைக்க ஒரு தகரம். மீனவர் வலைக்குக் குறுக்கே போகக் கூடாது. தின்ற பொட்டலத் தாளையும் பழத்தொலியையும் நீரில் எறியக் கூடாது. மழை இருட்டினால் திரும்பிவிட வேண்டும்.

இந்தப் பக்கம் மிதக்கும் சட்டை எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. உதியன்குளங்கரையில் பஞ்சர் ஒட்டும் கடையில் பழைய லாரி டியூப் இரண்டு கேட்டேன். கடைக்காரர் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டினார். ஒன்றில் மெல்லிய குமிழி வந்தது. வேறு கேட்டேன். அதையும் முக்கச் சொன்னேன். மூன்றாவது முறையும் முக்கச் சொன்னதும் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“சாரே, நீங்க இலங்கைக்காக்கும் போறது?”

“பொழிக்கு.”

“பொழிக்கு எதுக்கு டியூபு? கெட்டிக் கெடக்குற வெள்ளம். கொழந்தை கூட முங்காது.”

அக்கா டியூபைத் தலைவழியே இடுப்பில் மாட்டிப் பார்த்தாள். கடைத்தெருவே பார்த்தது. “டயர்கடை பொம்மை மாதிரி இருக்கேன். இதை நான் போட மாட்டேன். பக்கத்துல வச்சுக்கிடுதேன், போதும்” என்று கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள்.

வள்ளக்காரர் பெயர் தங்கையன். ஆற்றில் மேலே, பூவாற்றுக்கு இரண்டு மூன்று மைல் இப்பாலுள்ள ஒரு கடவில் தேங்காய்த் தொண்டு, அதாவது மட்டை, ஏற்றுகிறவர். ஐம்பது வயது இருக்கும். கழுக்கோல் ஊன்றி ஊன்றி உள்ளங்கை தோல்செருப்புபோல் இருந்தது. விவரம் சொன்னதும் தயங்கினார்.

“எனக்கு ஆறு தெரியும் சாரே. பொழி அவ்வளவாட்டு தெரியாது. வருஷத்துல ரெண்டு தடவை போனா உண்டு. முறிப்பு எப்பம்ணு விசாரிச்சியளா?”

கடிதத்தை எடுத்துக் காட்டினேன். குறிப்பேட்டையும் காட்டினேன். “வியாழக்கிழமை. நாம் புதன்கிழமை போகிறோம். முறிப்புக்கு முந்தின நாள். நீர் நிறைந்து, அசையாமல் இருக்கும்.”

அவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது தாளைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. “சார் எழுதியே வச்சிருக்கியளே. பெறவு என்ன” என்று திருப்பிக் கொடுத்தார். அந்தச் சொல் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

புதன்கிழமை காலை ஏழரைக்கு வள்ளம் புறப்பட்டது. தங்கையன் பின்னால் கழுக்கோலோடு, அக்கா நடுவில், நான் முன்னால். இரண்டு டியூபையும் கயிற்றால் இருக்கைப் பலகையில் கட்டியிருந்தேன். இரு கரையும் தென்னை. தண்ணீர் தேயிலை நிறத்தில், கண்ணாடிபோல். மீன்கொத்தி ஒன்று எங்களுக்கு முன்னால் மரம் மரமாகப் பறந்துகொண்டிருந்தது. அக்கா கடலைப் பொட்டலம் பிரித்தாள். தின்று முடித்துத் தாளைச் சுருட்டி நீரில் போட்டாள். வள்ளத்தை நிறுத்தச் சொல்லி நான் அதை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

“இவனுக்குப் பொண்டாட்டி எப்பிடி காலம் தள்ளுதா?” என்று தங்கையனிடம் கேட்டாள். அவர் சிரிப்பை அடக்கிக் கழுக்கோலை ஊன்றினார்.

எட்டரைக்குக் கரையோரப் பாதையில் மூன்று பேர் சைக்கிளில் எங்களை முந்திக் கடல் பக்கம் போனார்கள். மூன்று சைக்கிளின் பின்னாலும் மண்வெட்டி கட்டியிருந்தது.

தங்கையன் வள்ளத்தை நிறுத்தினார். “சாரே, மமட்டி கொண்டு போறானுவ.”

சைக்கிள்கள் வளைவில் மறையும்வரை பார்த்தேன். ஆனாலும் குறிப்பேடு சட்டைப்பையில் இருந்தது. “நாளை வேலைக்கு இன்றே இடம் பார்க்கப் போகிறார்கள்” என்றேன்.

“எலே, நாளைதானே?” என்றாள் அக்கா.

“நாளைதான்.”

நிஜமாகச் சொன்னால், திரும்பிவிட வேண்டும் என்று என் உடம்பு முழுவதும் சொன்னது. ஆனால் எப்போதும் பயப்படுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. எந்தப் பயத்தை நம்புவது என்று அவனுக்குத் தெரியாது. பஞ்சர் கடையிலும் பயந்தேன், பஸ்ஸிலும் பயந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. தேதி ஒன்றுதான் நான் பயப்படாத விஷயம். அதை நம்பினேன்.

கழிமுகத்துக்குள் நுழைந்தபோது ஒன்பது தாண்டியிருந்தது. நீர் இரண்டு பக்கமும் விரிந்து வானம்போல் ஆகிவிட்டது. தூரத்தில் வெள்ளை மணல்திட்டு. அதற்கப்பால் அலையின் தலை மட்டும் எழுந்து எழுந்து மறைந்தது.  அக்கா கையை நீரில் விட்டு அளைந்துகொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. வந்தது நல்லதுதான் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

நீரில் அங்கங்கே வலை கட்டுவதற்காக அடித்த தென்னங்குற்றிகள் நின்றன. அவற்றில் ஒன்றை அக்கா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எலே, அந்தக் குற்றி வளருதே.”

வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். குற்றியில் நீர்மட்டத்துக்கு மேலே ஈரமான கறுப்புப் பட்டை ஒன்று நாலு விரல் அகலத்தில் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அது ஐந்து விரலாயிற்று. குற்றி வளரவில்லை. நீர் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் சும்மா கிடந்த ஆகாயத்தாமரைக் கொத்து மெல்லத் திரும்பி, மணல்திட்டை நோக்கிப் புறப்பட்டது.

தங்கையன் கழுக்கோலை ஊன்றினார். கோல் முழுவதும் உள்ளே போயிற்று, தரை தட்டவில்லை. துடுப்பை எடுத்தார்.

கரையில் ஆட்கள் ஓடிவந்து கையை ஆட்டினார்கள். அக்கா பதிலுக்குக் கையை ஆட்டினாள். “என்ன மரியாதையான ஆளுகள்” என்றாள். அவர்கள் கத்துவது காற்றில் துண்டு துண்டாகக் கேட்டது. ஒரு துண்டு எனக்குப் புரிந்தது. பொழி முறிந்துவிட்டது என்று மலையாளத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். வள்ளம் தானாகவே வேகம் எடுத்தது. மணல்திட்டின் நடுவில் ஒரு வெட்டு தெரிந்தது. அதன் இரு ஓரமும் சுவர் சுவராக இடிந்து விழுந்துகொண்டிருந்தது. அதன் வழியே பாயும் நீரின் இரைச்சல் முன்னாலிருந்து வந்தது. தங்கையன் வந்த திசைக்கு வள்ளத்தைத் திருப்பி எதிர்த்துத் துடுப்பு வலித்தார். இருந்த இடத்திலேயே நின்றோம். பிறகு பின்னோக்கிப் போனோம்.

“எதுத்து ஆவாது! குறுக்க போணும், கரைக்கு!” என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு வள்ளத்தைக் குறுக்கே திருப்பினார். பக்கவாட்டில் நீர் ஏறி உள்ளே விழுந்தது. “சாரே, வெள்ளம் கோரு!”

நான் தகரத்தை எடுத்துத் தண்ணீரைக் கோரி வெளியே கொட்டினேன். டியூபை அவிழ்த்து அக்காவுக்கு மாட்ட வேண்டும் என்று தெரியும். நான் போட்ட முடிச்சு நனைந்து இறுகிவிட்டிருந்தது. என் பட்டியலில் கயிறு இருந்தது. அதை அறுக்க ஒரு கத்தி இல்லை.

ஒரு குற்றி எங்களைக் கடந்து போகப் பார்த்தது. அக்கா இரண்டு கையையும் நீட்டி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வள்ளம் அவளைச் சுற்றித் திரும்பி உதறியது. அவள் இடுப்பை நான் பிடித்துக்கொண்டேன்.

“விடாத அக்கா!”

“நான் விடல்ல. நீ என்னை விடாதலே.”

தங்கையன் டியூப் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் குற்றியில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டினார். கட்டி முடித்த பிறகும் அக்கா கையை எடுக்கவில்லை. குற்றி முழுவதும் சிப்பி ஒட்டியிருந்தது. அவள் முழங்கை வழியே ரத்தம் ஒழுகி வள்ளத்துத் தண்ணீரில் கலந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்: ஒன்பது நாற்பது. ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. குற்றி ஆடிக்கொண்டிருந்தது. அது பிடுங்கிக்கொண்டால் நாங்கள் கடலில். மூன்று பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்து மணிக்கு நீர் நன்றாக வடிந்து கரைப்பக்கம் சேறு தெரியத் தொடங்கியது. கக்கா என்னும் சிப்பி வாரும் பெண் ஒருத்தி மார்பளவு நீரில் இறங்கி, கையில் சுற்றிய வடத்தை வீசினாள். மூன்றாவது வீச்சில் தங்கையன் பிடித்தார். கரையில் ஆறேழு பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

கரையேறியதும் அந்தப் பெண் எங்களை வைத மலையாளத்தைத் தமிழில் சொன்னால் பாதிக் காரம் போய்விடும். பாக்கிப் பாதி இது: “முறிப்பு நாளில் வள்ளம் இறக்க உங்களுக்கு யார் சொன்னது? மூன்று நாளாக மைக் வைத்துக் கத்தினார்களே, காதில் பஞ்சா? பிணம் தேட எங்கள் ஆண்களைத்தானே கடலில் இறக்குவீர்கள்!”

தங்கையன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “மேல் கடவுல மைக்கு கேக்கல்ல சேச்சி” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, “சாரே, இனி எழுதினதைக் கேக்க மாட்டேன். ஆளைத்தான் கேப்பேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்காவின் கைகளுக்கு மருந்து வைத்துக் கட்டி, பால் விடாத கட்டன்சாயா வாங்கிக் கொடுத்தோம். இரண்டு கையும் கட்டில் இருந்ததால் தம்ளரை நான் பிடிக்க, அவள் குடித்தாள்.

“மகன்ட்ட சொல்லாத” என்றாள். தம்ளர் காலியானதும், “ஆனா நான் பிடிச்சேன், பாத்தியா?” என்றாள்.

பாறசாலை வீட்டுக்கு வந்ததும் நேராக நாட்காட்டிக்குப் போனேன். முறை கிறை பார்க்காமல் கிழித்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். புதன் தாள் வந்தது. அதில் அச்சிட்டிருந்தது: ஐப்பசி 10.

நான் பார்த்தது தோட்டத்து அலுவலகத்தின் மலையாளக் காலண்டர். அதில் புதன் துலாம் 9, வியாழன்தான் 10. ஐப்பசியும் துலாமும் ஒரே மாதம்தான். ஆனால் சூரியன் ராசி மாறும் நேரம் பிற்பகலில் விழுந்தால், தமிழ்க் கணக்கு அன்றே மாதத்தைத் தொடங்கிவிடும். மலையாளக் கணக்கு மறுநாள் தொடங்கும். சில வருஷங்களில் சில மாதங்களுக்கு மட்டும் வரும் ஒரு நாள் வித்தியாசம். இது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. பழைய குறிப்பேடு ஒன்றில் விளக்கமாக, அழகான கையெழுத்தில் எழுதியே வைத்திருக்கிறேன். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழ்கிற எங்களுக்கு மாதப் பெயர் வாயில் தானாக மாறும். ஐப்பசி என்று படித்த கண் துலாம் என்று பார்த்ததை நான் கவனிக்கவே இல்லை.

வியாழக்கிழமை இரவு அத்தான் கல்யாணத்திலிருந்து திரும்பினார். அக்காவின் கையைப் பார்த்துப் பதறினார். நான் கடிதத்தை எடுத்து வைத்து, இந்தப் பத்து எந்தக் காலண்டரின் பத்து என்று கேட்டேன்.

“பஸ்ஸுல ஒருத்தன் பத்தாம் தேதிண்ணு சொன்னான் மக்கா. மலையாளத்துலதான் சொன்னான். நான் ஐப்பசிண்ணு எழுதினேன்.”

“காலண்டர் பார்த்து எழுதினீர்களா?”

“பாத்தேன்னு நினைக்கேன். இல்ல, பாக்கல்லியோ? ஓர்மை இல்லடே.”

சொன்னவன் துலாம் பத்து என்று சொல்லியிருந்தால் முறிப்பு வியாழக்கிழமைக்குத்தான் குறித்திருந்தது. அப்படியானால் நீர் ஏறுவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் ஒரு நாள் முந்தி வெட்டியிருக்கிறார்கள். நான் எழுதியது சரி. பேச்சு மலையாளமானாலும் அவன் சொன்ன பத்து ஐப்பசிப் பத்தாக இருந்தால் அவர்கள் குறித்த நாளில்தான் வெட்டினார்கள், பிழை என்னுடையது. பிறகு இரண்டு முறை பூவாற்றுக்குப் போய் விசாரித்தேன். வள்ளத்தில் அல்ல, பஸ்ஸில். மைக்கில் சொன்னதை யாரும் எழுதிவைக்கவில்லை. ஒருவர் புதன் என்றார். ஒருவர் வியாழன் என்றார். மழை வந்தால் யார் தேதி பார்த்தார்கள் என்றார் மூன்றாமவர். பேருந்தில் சொன்ன ஆளை அத்தானால் அடையாளம் காட்ட முடியவில்லை.

அக்கா முழுசாகவே ஜாம்ஷெட்பூர் போய்ச் சேர்ந்தாள். வலது கையில் இரண்டு விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை என்று எழுதுகிறாள். தேதிக்கு முன்னால் கிழமை போட்டுத்தான் எழுதுகிறாள். அத்தானின் கடிதம் என் கோப்பில் இருக்கிறது. ஓரத்தில் வியாழன் என்ற பென்சில் எழுத்தை நான் அழிக்கவில்லை. அது தவறு என்று இன்னும் உறுதியாகவில்லை. சரி என்றும் உறுதியாகவில்லை.